தற்காலிகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வரலாறு நடத்துகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டும் எங்களுக்கு வரும் ஆணையில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘இந்நியமனம் முற்றிலும் தற்காலிகமானது.’ கோடை விடுமுறை தொடங்கும்போது ஆணை முடிந்துவிடும். கல்லூரி திறந்ததும் புதிய ஆணை வரும், அதே வரியோடு. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது வேறு கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். நான் இன்னும் தற்காலிகம்தான்.

சமீபத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘தன் + காலிகம் = தற்காலிகம். தனக்கென்று ஒரு காலம் உடையது என்று பொருள். இந்த உலகில் எல்லாமே தனக்கென்று ஒரு காலம் உடையதுதான். ஆகவே எல்லாமே தற்காலிகம், கவலை வேண்டாம்’ என்று. படித்ததும் ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலாக வந்தது. இந்தப் பிரிப்பு சரியா? ரயில் டிக்கெட்டில் சொல்லும் ‘தட்கல்’ இதே சொல்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது உடனடி, இது நிலையற்றது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. பேரிடர் கால உதவி பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வீடிழந்தவர்களைத் தங்கவைக்கும் இடம் பற்றிப் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘தற்காலிகத் தங்குமிடம்’ என்றே போட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் கை கூசுகிறது. பழந்தமிழில் இதற்கு ஒரு சொல் இருந்திருக்குமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் குழுவில் வந்த பிரிப்பு தவறு. ஆனால் யாரும் எளிதாக வழுக்கி விழக்கூடிய இடம்தான் அது.

தமிழில் ‘தற்’ என்று தொடங்கும் சொற்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. தற்காப்பு, தற்கொலை, தற்பெருமை, தற்செயல் எல்லாம் ‘தன்’னிலிருந்து வந்தவை. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆவதுபோல, தன்னும் காப்பும் சேர்ந்தால் தற்காப்பு. இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமைக்குச் சொல்லும் ‘தற்கிழமை’யும் இந்தக் குடும்பம்தான். என் கை, என் கால் என்பதுபோல ஒருவரிடமிருந்து பிரிக்க முடியாத உரிமை அது.

இன்னொரு குடும்பம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘தத்’ என்றால் ‘அது’, ‘அந்த’. அந்தச் சொற்கள் தமிழுக்கு வரும்போது, வல்லினத்துக்கு முன்னால் நிற்கும் ‘த்’ நம் வாயில் ‘ற்’ ஆகிவிடும். உத்பத்தி உற்பத்தி ஆயிற்று, சத்குரு சற்குரு ஆனார். தத்சமம், தத்பவம் என்னும் இலக்கணக் கலைச்சொற்கள் தற்சமம், தற்பவம் ஆயின. அதே வழியில்தான் தத்காலம் தற்காலமாகவும், தத்சமயம் தற்சமயமாகவும் வந்தன. ‘தாத்காலிக’ என்ற வடமொழிப் பெயரடை ‘தாற்காலிகம்’ என்றும், பிறகு நெடில் குறுகித் ‘தற்காலிகம்’ என்றும் ஆயிற்று. பழைய அச்சு நூல்களில் ‘தாற்காலிக’ என்ற வடிவத்தை இன்றும் பார்க்கலாம். அந்த நெடிலே போதும், இது ‘தன்’னிலிருந்து வந்ததில்லை என்று காட்ட.

ஆகவே சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘அந்தக் காலத்துக்கு உரியது’. அவ்வளவுதான். இதில் ‘குறுகிய’ என்பது இல்லை. ‘நிலையற்ற’ என்பது இல்லை. ‘மதிப்புக் குறைந்த’ என்பது இல்லவே இல்லை. ஒரு காலத்தைச் சுட்டிக்காட்டி, ‘அதற்கு உரியது இது’ என்று சொல்கிறது. எந்தக் காலம் என்று சொல் தானாகச் சொல்லாது. பேசுபவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. தட்கல் இதே சொல்தான். ‘அந்தக் காலம்’ என்று கை நீட்டுவதில் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று நடந்தது, அந்த நேரத்திலேயே அடுத்ததும் நடந்தது என்று சொல்லும்போது ‘அக்கணமே, உடனே’ என்ற பொருள் முளைக்கிறது. இந்தி அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டது. அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கான ரயில் முன்பதிவுக்கும், விரைவாகத் தரும் கடவுச்சீட்டுக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். விவசாய மின் இணைப்புக்குக்கூட இப்போது ‘தட்கல்’ திட்டம் என்கிறோம். பேசுபவர் தான் நிற்கும் நேரத்தையே ‘அந்த நேரம்’ என்று சுட்டினால் ‘நிகழ்காலம்’ வருகிறது. தமிழின் தற்காலமும் தற்சமயமும் அப்படி. இவற்றை ஒட்டித் ‘தற்போது’ என்று ஒரு கலப்புச் சொல்லையும் நாமே உண்டாக்கிக்கொண்டோம். அந்தக் காலத்துக்கு மட்டும், அதைத் தாண்டி இல்லை என்று வரம்பு கட்டினால் ‘தற்காலிகம்’. ஒரே வேரில் உடனடியும் இன்றும் இன்றைக்கு மட்டுமும் கிளைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இல்லை. மூன்றுமே ஒரு குறிப்பிட்ட பொழுதின்மேல் விரல் வைக்கும் செயல்தான்.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் தமிழர் இதை எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், இன்றும் எப்படிச் சொல்கிறோமோ அப்படித்தான். ‘இப்போதைக்கு’. ‘இப்போதைக்கு இது இருக்கட்டும்’, ‘இப்போதைக்கு இங்கே தங்கிக்கொள்ளுங்கள்’. பொழுது என்பது போது ஆகி, அதற்கு ஒரு ‘கு’ உருபு. எதற்காக, எதுவரைக்கும் என்ற இரண்டையும் அந்தக் ‘கு’ சுமக்கிறது. ‘தத்கால’த்துக்குச் சொல்லுக்குச் சொல் சரியான தமிழ் வேண்டுமென்றால் அது ‘அப்போதைக்கு’. அதைத் தமிழில் யாரும் மறக்க முடியாத இடத்தில் பெரியாழ்வார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு
ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்
அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்
அரங்கத்து அரவணைப் பள்ளியானே

உயிர் பிரியும் நேரத்தில் தளர்ச்சி வந்து அமுக்கும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது. அந்த நேரத்துக்கு வேண்டியதை இந்த நேரத்திலேயே சொல்லி வைக்கிறேன் என்கிறார். ‘அப்போதைக்கு’ எது என்பதில் துளிக் குழப்பம் இல்லை. மேலேயே சொல்லிவிட்டார், எய்ப்பு வந்து நலியும்போது என்று. காலத்தைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அதற்கு உரியதைச் செய்து வைக்கிறார். இந்தச் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, வாட்ஸ்அப் செய்தியின் பின்பாதி. ‘எல்லாமே தற்காலிகம்.’ உங்களுக்கு எரிச்சல் வந்தது சரியான எரிச்சல். அங்கே இரண்டு வேறு கருத்துகளைப் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவான கடந்துபோதலுக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது: நிலையாமை. அதைத் தமிழ் அளவுக்குத் தொடர்ந்து யோசித்த மொழிகள் குறைவு. தொல்காப்பியம் காஞ்சித்திணையை ‘நில்லா உலகம் புல்லிய நெறித்தே’ என்று நிலையாமைக்கே ஒதுக்கியது. வள்ளுவர் 34ஆம் அதிகாரத்துக்கு அந்தப் பெயரே வைத்தார். நாலடியார் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரங்களோடுதான் தொடங்குகிறது. ‘இளமையும் நில்லா யாக்கையும் நில்லா, வளவிய வான்பெருஞ் செல்வமும் நில்லா’ என்கிறது மணிமேகலை. பௌத்தர் இன்னும் ஒரு படி போய், எப்பொருளும் ஒரு கணமே இருந்து மறைகிறது என்று கணபங்க வாதம் பேசினார்கள். சைவ சித்தாந்திகள் அதை மறுத்து எழுதினார்கள்.

இதெல்லாம் உலகத்தின் இயல்பு பற்றிய பேச்சு. ‘நில்’ என்ற வேரிலிருந்து வந்தது, நிற்காதது நிலையாதது. அதை யாரும் ஆணை போட்டு உண்டாக்குவதில்லை, யாராலும் நிறுத்தவும் முடியாது. தற்காலிகம் அப்படியில்லை. அது ஓர் ஏற்பாடு. யாரோ ஒருவர் முடிவு செய்து, ஒரு காலத்துக்கென்று செய்து வைப்பது. மரணத்துக்கு நாம் யாரையும் கேள்வி கேட்க முடியாது. பணி ஆணைக்குக் கேட்கலாம். ‘எல்லாமே தற்காலிகம்தானே’ என்று உங்களிடம் சொல்பவர், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாத கேள்வியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். அவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். விளைவு நல்லதில்லை.

நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளுக்கு வருகிறேன். உங்கள் மூன்றாம் கேள்விக்குத் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு

புக்கில் என்பது புகுந்து, இனி என் வீடு என்று இருக்கும் இல். புறநானூற்றில் பொத்தியார், இறந்துபோன தன் நண்பன் கோப்பெருஞ்சோழனை ‘துகளறு கேள்வி உயர்ந்தோர் புக்கில்’ என்கிறார். கற்றவர்களுக்கு அவன் அப்படி ஒரு வீடு. துச்சில் அதற்கு எதிர். ஒதுங்கியிருக்கும் இடம். பரிமேலழகர் ‘ஒதுக்கிருந்தே போந்த உயிர்’ என்று உரை சொல்கிறார். துஞ்சு + இல் என்று பிரிப்பவர்களும் உண்டு. படுத்து எழுந்து போகும் இடம் என்ற பொருள் அதற்குப் பொருந்தியே வருகிறது.

குறளில் இது உயிரைப் பற்றிய பேச்சு. ஆனால் இந்தச் சொல் உண்மையில் தரையில் நடந்துவரும் இடம் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தின் வெளிப்புறத்தில் ஒரு சோலை. சடைமுடி தரித்த முனிவர்கள் அங்கே வேள்வி செய்கிறார்கள். நெய்யும் பிறவும் எரிந்து நறும்புகை எழுகிறது. மனிதருக்கு அது நறும்புகை. மரத்தில் இருக்கும் குயிலுக்கு அது தாங்க முடியாத புகை. அதை வெறுத்துக் குயில்,

மாயிரும் பெடையோடு இரியல் போகிப்
பூதம் காக்கும் புகலருங் கடிநகர்த்
தூதுணம் புறவொடு துச்சில் சேக்கும்

கரிய தன் பெடையையும் கூட்டிக்கொண்டு விரைந்து ஓடுகிறது. போய்ச் சேர்ந்த இடம் பூதம் காவல் காக்கும் கோயில், எளிதில் புகுந்துவிட முடியாத கட்டுக்காவல் உள்ள இடம். அங்கே ஏற்கெனவே கல்லைப் பொறுக்கித் தின்னும் புறாக்கள் குடியிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து குயில்கள் துச்சிலாகத் தங்குகின்றன.

மூன்று அடிகளில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஓடியதற்குக் காரணம் குயில் செய்த எதுவுமில்லை, வேறு யாரோ மூட்டிய தீ. ‘இரியல் போகி’ என்ற சொல்லில் அந்தப் பதற்றம் அப்படியே இருக்கிறது. போரில் தோற்று ஓடுபவர்களுக்கும் இதே சொல்தான். தனியாக ஓடவில்லை, இணையோடு ஓடுகிறது. காவல் கடந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது. உள்ளே முன்பே இருப்பவர்கள் வேறு இனம், வேறு உணவு. மரக்கிளையில் வாழ்ந்த பறவை இப்போது கல் மாடத்தில். உருத்திரங்கண்ணனார் வளத்தைப் பாடும் பாட்டில் போகிறபோக்கில் சொன்ன காட்சி இது. ஆனாலும் வீடிழந்து இன்னோரிடத்தில் ஒதுங்குவதன் எல்லாப் பகுதிகளும் வரிசையாக வந்துவிட்டன. புகை தணிந்தால் குயில் திரும்பிப் போகும் என்பதும் சொல்லாமலே உள்ளே இருக்கிறது. அந்தத் துச்சிலின் ‘அந்தக் காலம்’ வேள்வி நடக்கும் காலம்.

காலம் குறித்த தங்குமிடத்துக்கு இன்னொரு சங்கப் படம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. மன்னன் போருக்குப் போகிறான். காட்டாற்றங்கரையில் பிடவமும் பசும்புதரும் வெட்டி நிலம் திருத்துகிறார்கள். காட்டு முள்ளை வளைத்து வேலியிடுகிறார்கள். விற்களை ஊன்றித் தூணிகளைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். கடல்போல் பரந்த பாடி, அதாவது படை தங்கும் பாசறை, எழுகிறது. நாளைக்குக் கலைக்கப்போகும் ஊர் இது. ஆனால் அதற்குள் நப்பூதனார் காட்டும் ஒரு வேலையாட்கள் கூட்டம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’. குறுநீர்க் கன்னல் என்னும் நாழிகை வட்டிலைப் பார்த்து, இப்போது இவ்வளவு பொழுது என்று மன்னனைத் தொழுது அறிவிப்பவர்கள். கயிற்றிலும் முள்ளிலும் கட்டிய ஊருக்குள் காலத்தை அளந்து சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பொய்யா மாக்கள் என்று பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் தலைவி காத்திருக்கிறாள். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு இரங்கல். பிரிவு இரண்டிலும் உண்டு. ஆனால் எதுவரைக்கும் என்று சொல்லப்பட்ட பிரிவில் ஒருத்தி ஆற்றியிருக்கிறாள். வரம்பு தெரியாத பிரிவு இரங்கலாகிறது. முல்லையையும் நெய்தலையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் படிப்பது என் வாசிப்பு. ஒவ்வொரு கோடையிலும் ஆணை முடிந்து, அடுத்தது எப்போது வரும், வருமா என்று இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்துக்கு வருவோம். இன்று இந்தச் சொல்லின் எடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பகுதிக்குத் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருக்கிறது. ஜம்மு காஷ்மீர் பற்றிய 370ஆவது உறுப்பு அந்தப் பகுதியில் இருந்தது. அதை நீக்கியதை எதிர்த்த வழக்கில் நடந்த வாதத்தில் பெரும்பங்கு ‘அந்தக் காலம் எது’ என்பதுதான். அந்த மாநிலத்தின் அரசமைப்பு அவை 1957இல் கலைந்ததோடு தற்காலிகம் முடிந்து அது நிலையான உறுப்பாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது தற்காலிக ஏற்பாடுதான் என்று தீர்ப்பளித்தது. அந்த அரசியலுக்குள் இங்கே போகவில்லை. ‘தத்’ எதைச் சுட்டுகிறது என்பதை எழுதும்போதே தெளிவாக எழுதாவிட்டால் எழுபது ஆண்டு கழித்தும் சண்டை தீராது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே அரசமைப்புச் சட்டத்தில் 334ஆவது உறுப்பு வேறு மாதிரி. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனித்தொகுதிகள் 10 ஆண்டுகளுக்கு என்று 1950இல் எழுதினார்கள். அது பத்துப் பத்து ஆண்டாக நீட்டிக்கப்பட்டு, 104ஆவது திருத்தத்தின்படி இப்போது 2030 ஜனவரி வரை இருக்கிறது. மொத்தம் 80 ஆண்டு. ‘தற்காலிகம் என்று சொல்லிவிட்டு நிரந்தரமாக்கிவிட்டார்களே’ என்று இதைக் கேலி செய்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தற்காலிகத்தை அளப்பது காலண்டர் இல்லை, எந்தத் தேவைக்காக அது வந்ததோ அந்தத் தேவை. சாதி இருக்கும் வரை அந்தக் காலம் முடியவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை அவையில் எடுத்து வைத்து, தேவை தீர்ந்ததா என்று கேட்டு, வாக்கெடுத்து நீட்டிப்பது இந்தச் சொல்லுக்குச் செய்யும் முழு மரியாதை. அதே 104ஆவது திருத்தத்தில் ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடங்களை நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த முடிவு சரியா என்பதில் விவாதம் உண்டு. முடிவு என்று ஒன்று எடுக்கப்பட்டது.

இங்கிலாந்தில் வருமான வரி இன்றைக்கும் சட்டப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் தேதி காலாவதியாகிற வரி. 1799இல் நெப்போலியனோடு நடந்த போர்களின் செலவுக்கென்று வந்தது. இடையில் போய், 1842இல் திரும்பி வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுக்கிறது. அங்கேயும் கேட்கிறார்கள்.

உங்கள் ஆணையில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பிக்க ஆள் வேண்டும் என்பது எந்தக் காலத்தில் தீரப்போகிற தேவை? வகுப்பு நிலையானது. பாடத்திட்டமும் தேர்வும் மாணவர் சேர்க்கையும் நிலையானவை. நடத்துபவர் மட்டும் முற்றிலும் தற்காலிகம். பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக ஆறு மாதம் வந்து நடத்துபவர் தற்காலிக ஆசிரியர். அவருடைய ‘அந்தக் காலம்’ எது என்று கேட்டால் பதில் உண்டு. உங்கள் ஆணையில் ‘தத்’ எதைச் சுட்டுகிறது? அந்த ‘முற்றிலும்’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். காலத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் காலத்தைச் சொல்லாமல் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு இதற்கு ஒருமுறை மிகத் தெளிவான விடை எழுதியது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. சுற்றி வளைப்பு இல்லை. எந்தக் காலம்? 480 நாள். அதற்கு மேலும் ஒருவரிடம் வேலை வாங்குகிறீர்கள் என்றால் தேவை தற்காலிகமானதில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அந்தச் சட்டம் அரசுக் கல்லூரிக்கு வராது. அரசு வேலையைப் பொறுத்தவரை 2006ஆம் ஆண்டின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு, முறைப்படி தேர்வு நடக்காமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. மத்திய நீர் ஆணைய அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் துப்புரவும் தோட்ட வேலையும் செய்து நீக்கப்பட்டவர்களின் வழக்கு அது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகம் என்று பெயரொட்டி ஆட்களைச் சுரண்டுவதற்கு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்று கூறி, அவர்களைப் பணிவரன்முறை செய்ய உத்தரவிட்டது. தரை தினமும்தான் அழுக்காகிறது. உங்கள் சங்கத்தில் யாராவது இந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். படித்திராவிட்டால் நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

இனி மொழிபெயர்ப்பு. ‘துச்சில்’ என்று கையேட்டில் போடலாமா என்றால், எனக்கு ஆசைதான், ஆனால் வேண்டாம். வெள்ளத்தில் நனைந்து வந்தவரும் அவருக்கு உதவும் ஊழியரும் படிக்கப்போகும் கையேடு அது. அவர்கள் பார்த்த உடனே புரிய வேண்டும். இலங்கைத் தமிழில் இதற்கு ‘இடைத்தங்கல் முகாம்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. போர் நெடுகவும் அங்கே செய்திகளில் புழங்கிய சொல். புறப்பட்ட இடத்துக்கும் போய்ச்சேரும் இடத்துக்கும் நடுவே தங்குவது. ‘இடை’ என்று சொல்லிவிட்டாலே அந்தப் பக்கம் ஒரு கரை இருந்தாக வேண்டும். தற்காலிகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடைக்காலத் தடை, இடைக்கால நிதிநிலை அறிக்கை என்று நாம் சொல்வதிலும் அதே கட்டாயம் உண்டு. இறுதித் தீர்ப்பு வந்தாக வேண்டும், முழு அறிக்கை வந்தாக வேண்டும்.

சொல் நன்றாக இருந்தால் நிலைமை நன்றாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களைத் தமிழ்நாட்டில் தங்கவைத்த முகாம்கள் நூற்றுக்கு மேல். அவற்றில் பல, சில மாதங்களுக்கு என்று நினைத்து எழுப்பியவை. அங்கே பிறந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021இல் அரசு அவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ‘அகதி’ என்ற சொல் போனது பலருக்கு நிம்மதி என்று அறிவேன். குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஆகவே உங்கள் கையேட்டில் ‘இடைத்தங்கல் முகாம்’ என்று வையுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்குச் சற்றுப் புதிதாக இருக்கும் என்பதால் முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். மூலத்தில் இல்லாவிட்டாலும் கையேட்டைத் தயாரிப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். முகாமின் வாசலில் வைக்கும் அறிவிப்புப் பலகைக்கு மாதிரி ஒன்று கையேட்டில் இருக்கும். அதில் முகாமின் பெயர், பொறுப்பாளர், தொலைபேசி எண் ஆகியவற்றோடு ‘இந்த ஏற்பாடு எந்தத் தேதி வரை, நீட்டிப்பை முடிவு செய்பவர் யார்’ என்று இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.